கருமணலும் கடல் கடந்த சந்தையும்: மணவாளக்குறிச்சி முதல் ஆப்பிரிக்கக் கரை வரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், குளச்சலுக்குத் தெற்கே வள்ளியாறு கடலில் கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்த ஊர் மணவாளக்குறிச்சி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே கடல் பொங்கிக் கரையேறும். எடை குறைந்த வெண்மணலை அலை திரும்பும்போது தன்னோடு இழுத்துச் செல்லும். எடை கூடிய கருமணல் கரையிலேயே தங்கும். முறத்தில் இட்டுக் கொழிப்பது போலக் கடலே மணலைக் கொழித்துத் தருகிறது. அதை ஒரு கை அள்ளினால் கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவந்து தெரிவது கார்னெட், தேன் நிறத்தில் இருப்பது மோனசைட். ரூட்டைல், சிர்கான், சில்லிமனைட் ஆகியவையும் அதில் கலந்திருக்கும்.

இந்த மணல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளிநாட்டுச் சந்தையோடு பிணைந்திருக்கிறது. இன்று அதே வகை மணலை மொசாம்பிக் கரையிலிருந்து சீனத் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. மோனசைட்டிலிருந்து பிரிக்கப்படும் அரிய மண் தனிமங்களின் உலகச் சந்தையும் சீனாவின் கையில் இருக்கிறது. எனவே சீனாவுக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் இடையிலான அரசியல், பொருளாதார உறவு குமரிக் கரைக்குத் தொலைவான செய்தியன்று. வாங்குபவரின் நாடு எது என்பதை மட்டும் பார்த்து இத்தகைய உறவை எடை போட முடியாது. பதப்படுத்தும் தொழில் எங்கே நடக்கிறது, பேரத்தின் நிபந்தனைகளை யார் வகுக்கிறார்கள், கரையில் வாழ்பவர்களின் சம்மதம் கேட்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளே அதற்கான அளவுகோல். மணவாளக்குறிச்சியின் வரலாறு தரும் அளவுகோலும் அதுதான்.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

1909ஆம் ஆண்டு வாக்கில், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று தேடி வந்தவர் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார். அப்போது மோனசைட்டுக்குப் பெரிய தேவை இருந்தது. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் வாயு விளக்கில் ஒளிர்ந்த காலம் அது. விளக்கின் வலைத்திரி பளிச்சென்று எரியத் தோரியம் ஆக்சைடு வேண்டும். தோரியம் மோனசைட்டில் இருந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியரின் பிடி போய், தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது.

மின்விளக்கு பரவியபோது வலைத்திரியின் காலம் முடிந்தது. மோனசைட்டின் மதிப்பும் சரிந்தது. அதன் இடத்தை 1920களில் இல்மனைட் பிடித்தது. வெள்ளை வண்ணப்பூச்சுக்குத் தேவையான டைட்டானியம் டை ஆக்சைடு அதிலிருந்து கிடைக்கிறது. எந்தக் கனிமத்துக்கு எப்போது மதிப்பு என்பதை முடிவு செய்தது மணவாளக்குறிச்சி அல்ல. கடலுக்கு அப்பால் இருந்த தொழிற்சாலைகள்தாம். கரையில் கிடைத்தது மணல் அள்ளிய கூலியும், ஊர் அப்போது அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கான வருவாயும். வலைத்திரியும் வண்ணப்பூச்சும் வெளிநாட்டில் உருவாகி, அவற்றின் லாபமும் அங்கேயே தங்கியது. கனிமம் மட்டும் விற்கும் எந்தக் கரைக்கும் இந்த நிலை பொருந்தும்.

கோதுமையும் மோனசைட்டும்

இரண்டாம் உலகப்போரின் முடிவில் அணுகுண்டு வெடித்ததும் தோரியத்துக்குப் புதிய மதிப்பு வந்தது. 1947இல் தனிநாடாக நிற்கப் போவதாகத் திருவிதாங்கூர் அறிவித்தபோது, திவான் சி.பி. ராமசாமி ஐயரின் கையிலிருந்த வலுவான சீட்டுகளில் ஒன்று இந்தக் கடற்கரை மணல். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின், மோனசைட்டை மூலப்பொருளாக வெளியே அனுப்புவதில்லை என்ற நிலைப்பாட்டை நேருவின் அரசு உறுதியாகப் பற்றிக்கொண்டது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த அணுசக்தித் திட்டத்தில் தோரியத்துக்குத் தனியிடம் இருந்தது.

1951இல் இந்தியா உணவுப் பஞ்சத்தில் தவித்தது. அமெரிக்காவிடம் கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் கேட்டபோது, அதற்கு ஈடாக மோனசைட் தர வேண்டும் என்ற குரல் அமெரிக்கக் காங்கிரசில் எழுந்தது. பசியால் வாடும் மக்களின் பெயரில் அணுப்பொருளை விட்டுக்கொடுக்க இந்தியா மறுத்தது. கோதுமைக் கடனும் வந்து சேர்ந்தது. கனிமத்தை ஈடாகக் கேட்கும் கடன் என்றால் இன்று சீனாவின் பெயரே நினைவுக்கு வருகிறது. அந்த வழக்கம் சீனா தொடங்கியதல்ல என்பதற்கு இந்த நிகழ்வு சான்று.

1950இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1960களில் மணவாளக்குறிச்சி ஆலையும் அதே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்தது. மூலப்பொருளை நாட்டுக்குள்ளேயே பதப்படுத்துவது என்ற முடிவு, வறுமை மிகுந்த காலத்தில் எடுக்கப்பட்ட துணிச்சலான முடிவு.

பாண்டுங் முதல் பெய்ஜிங் வரை

சீன–ஆப்பிரிக்க உறவின் அரசியல் அடித்தளமும் அதே காலத்தில்தான் விழுந்தது. 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய–ஆப்பிரிக்க மாநாட்டில் சீனப் பிரதமர் சௌ என்லாய் ஆப்பிரிக்கத் தலைவர்களைச் சந்தித்தார். மறு ஆண்டே எகிப்து சீன மக்கள் குடியரசை அங்கீகரித்தது. 1963 டிசம்பர் முதல் 1964 பிப்ரவரி வரை சௌ என்லாய் பத்து ஆப்பிரிக்க நாடுகளில் பயணம் செய்து, நிபந்தனையற்ற உதவி, குறைந்த வட்டி, பெறும் நாட்டின் இறையாண்மைக்கு மதிப்பு உள்ளிட்ட எட்டு கோட்பாடுகளை அறிவித்தார்.

அந்த வாக்குறுதியின் பெரிய அடையாளம் டான்சானியாவின் தாருஸ்ஸலாமையும் சாம்பியாவின் கப்பிரி ம்போஷியையும் இணைக்கும் 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை. சாம்பியாவின் செம்பு, வெள்ளையர் ஆட்சி நடந்த ரொடீசியா, தென்னாப்பிரிக்கா வழியாகப் போகாமல் கடலை எட்ட வேண்டும் என்பது டான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே, சாம்பிய அதிபர் கென்னத் கவுண்டா ஆகியோரின் விருப்பம். மேற்கு நாடுகளும் உலக வங்கியும் கைவிரித்தன. அப்போது ஏழை நாடாக இருந்த சீனா வட்டியில்லாக் கடன் தந்து, பல்லாயிரம் தொழிலாளரையும் அனுப்பி 1970களின் நடுவில் பாதையை முடித்தது. பணியில் உயிரிழந்த சீனத் தொழிலாளர் பலர் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். 1971இல் ஐ.நா. அவையில் தைவான் வசமிருந்த சீனாவின் இடம் பெய்ஜிங்குக்குக் கிடைத்த வாக்கெடுப்பில் ஆதரவாக விழுந்த 76 வாக்குகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. இன்று ஆப்பிரிக்காவில் தைவானை அங்கீகரிக்கும் நாடு எஸ்வாத்தினி மட்டுமே.

வணிகமும் கடனும்

2000ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் சீன–ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் உருவானபின் உறவின் எடை அரசியலிலிருந்து வணிகத்துக்கு நகர்ந்தது. 2009இல் அமெரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் முதல் வணிகக் கூட்டாளியாகச் சீனா ஆனது. 2024இல் இருதரப்பு வணிகம் சுமார் 29,600 கோடி டாலர். அதில் சீனா விற்றது சுமார் 17,900 கோடி. வாங்கியது சுமார் 11,700 கோடி. விற்றவை இயந்திரங்கள், மின்னணுப் பொருட்கள், துணிகள். வாங்கியவற்றில் பெரும்பகுதி எண்ணெய், செம்பு, கோபால்ட், இரும்புத்தாது. மணவாளக்குறிச்சி 1920களில் கண்ட அதே சாய்வு இங்கே ஒரு கண்டத்தின் அளவில் தெரிகிறது.

கட்டுமானத்தில் சீனாவின் பங்கை மறுக்க முடியாது. அடிஸ் அபாபா–ஜிபூட்டி மின்ரயில் பாதை, 2017இல் ஓடத் தொடங்கிய மொம்பாசா–நைரோபி ரயில், அடிஸ் அபாபாவில் 2012இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையகம் ஆகியவை சீனப் பணத்தாலும் சீன நிறுவனங்களாலும் எழுந்தவை. மேற்கத்திய வங்கிகள் தயங்கிய இடத்தில் சாலையும் மின்சாரமும் துறைமுகமும் வந்தன.

அந்தப் பணத்தின் பெரும்பகுதி கடன். 27 ஆண்டு உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட அங்கோலா, 2004இல் எண்ணெயை ஈடாக வைத்துச் சீன எக்ஸிம் வங்கியிடம் 200 கோடி டாலர் பெற்றது. காங்கோ ஜனநாயகக் குடியரசு 2008இல் செம்பு, கோபால்ட் சுரங்கத்தைச் சாலை, மருத்துவமனைகளுக்கு மாற்றாகத் தந்தது. 2020 நவம்பரில் சாம்பியா தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவறியது. 2023இல் அந்நாட்டின் 630 கோடி டாலர் அரசுக் கடனுக்குத் தவணை மாற்றியமைக்கப்பட்டபோது, அதில் 410 கோடி சீன எக்ஸிம் வங்கிக்கு உரியதாக இருந்தது.

சீனா வேண்டுமென்றே நாடுகளைக் கடனில் சிக்கவைத்துச் சொத்தைப் பறிக்கிறது என்ற குற்றச்சாட்டு பலமாகப் பேசப்படுகிறது. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இலங்கையின் அன்றைய வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு உலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுடையது. சாம்பியா முதலில் தவறியதும் அத்தகைய பத்திரத்துக்கான வட்டித் தவணையில்தான். ஆகவே பழியை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுவது உண்மைக்குப் புறம்பானது. ஒப்பந்தங்களின் நிபந்தனைகள் மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது மறுக்க முடியாத குறை. கடனைச் சுமக்கும் மக்கள் அதன் விவரத்தை அறியாமல் இருப்பது எந்த நாட்டிலும் அநீதி.

மொசாம்பிக் கரையில் ஒரு கிராமம்

மொசாம்பிக்கின் வடபகுதியில், நம்புலா மாகாணத்தில் அங்கோச்சே கடற்கரை இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் உள்ள அந்த மணலிலும் இல்மனைட், சிர்கான், ரூட்டைல் உண்டு. அங்கே ஹாயூ என்ற சீனச் சுரங்க நிறுவனம் மணல் எடுத்து வந்தது. 2015 பிப்ரவரி 7 அன்று கனமழை பெய்தபோது, நகோனா என்ற மீனவக் கிராமத்தின் நடுவே வெள்ளம் கடலை நோக்கிப் புது வழி அறுத்துக்கொண்டு ஓடியது. 48 வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 290 பேர் வீடிழந்தார்கள். கனிமம் நீக்கிய மணலைச் சதுப்பு நிலத்தில் குவித்து நீர்வழிகளை மூடியதே காரணம் என்று 2018இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் வெளியிட்ட அறிக்கை கூறியது. நிறுவனம் அதை மறுத்தது. தக்க கலந்தாய்வு இல்லாமலே பணி தொடங்கியதாக அந்த அறிக்கை பதிவு செய்கிறது. குளமும் சதுப்பும் வடிகாலும் கடற்கரை ஊரின் உயிர்நாடி என்பதைக் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆப்பிரிக்கக் கரையில் கனிம மணல் எடுப்பவர்கள் சீனர்கள் மட்டுமல்லர். மொசாம்பிக்கின் மோமாவில் அயர்லாந்து நிறுவனமும் மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையில் ரியோ டின்டோ நிறுவனமும் எடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் சொலோபேனியில் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் திட்டத்தை எதிர்த்து மக்கள் வழக்காடினார்கள். சமூகத்தின் சம்மதம் இல்லாமல் அங்கே சுரங்க உரிமை தரக்கூடாது என்று 2018இல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், மக்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கும் இடத்தில் விளைவு வேறாகிறது.

மீனும் வலையும்

கடலோர மக்களைச் சீனப் பொருளாதாரம் நேராகத் தொடும் மற்றொரு இடம் மீன்பிடி. கானாவில் இயங்கும் இழுவைக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சீன முதலீடு இருக்கிறது. உள்நாட்டு மீனவர்களுக்கு உரிய சிறு மீன்களை அவை வாரிச் செல்வதால் வள்ளங்களில் போவோரின் பிடிபாடு குறைந்தது. காம்பியாவின் குஞ்சூரில் சீன முதலீட்டில் எழுந்த மீன்தூள் ஆலைக்கு அருகே 2017இல் காயல் நீர் சிவந்து மீன்கள் செத்து மிதந்தபோது ஊர் இளைஞர்கள் போராடினார்கள். ஏழைகளின் உணவான சாளை வகை மீன்கள் அரைபட்டு, வேறு நாட்டு வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகின்றன. சாளை விலை ஏறினால் எந்த வீட்டு அடுப்பில் முதலில் குழம்பு குறையும் என்பது குமரிக் கடற்கரைக்கு நன்றாகத் தெரியும்.

மாறும் பேரம்

ஆப்பிரிக்க அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. உலகக் கோபால்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் தரும் காங்கோ, 2008ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை 2024இல் திருத்தி, உள்கட்டமைப்புக்கான தொகையை 700 கோடி டாலராக உயர்த்தியது. 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்திவைத்து, பின்னர் அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் பதப்படுத்தாத லித்தியத் தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்தது; அங்கே சுரங்கம் வாங்கிய சீன நிறுவனங்கள் ஆலை கட்டத் தொடங்கின. 2023இல் நமீபியாவும் இதே வழியில் சென்றது. 1940களின் இறுதியில் இந்தியா மோனசைட்டில் எடுத்த முடிவும் இவையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மக்கள் தரப்பிலும் உறவு பல முகம் கொண்டது. 2018இல் 80,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மாணவர்கள் சீனாவில் படித்தார்கள். குவாங்சோ நகரில் ஆப்பிரிக்க வணிகர்கள் தனிச் சமூகமாகவே வாழ்ந்தார்கள். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின் பெயரால் அவர்களில் பலர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டபோது ஆப்பிரிக்கத் தூதர்கள் கூட்டாகக் கண்டனம் எழுதினார்கள். 2025 பிப்ரவரியில் சாம்பியாவின் செம்புப் பகுதியில் சீன நிறுவனமொன்றின் கழிவு அணை உடைந்து, அமில நீர் காஃபூவே ஆற்றில் கலந்தது. மாநாட்டு மேடைகளில் பேசப்படும் நட்பின் உண்மையான உரைகல் இத்தகைய தருணங்கள்தாம்.

மீண்டும் மணவாளக்குறிச்சி

சீனா தன் சொந்த மண்ணிலிருந்து கற்ற பாடமும் இங்கே பொருந்தும். உள்மங்கோலியாவின் பயான் ஓபோ சுரங்கத்தை வைத்துத் தொடங்கி, தாது எடுப்பதோடு நில்லாமல் பிரித்தெடுத்தல், உலோகம், காந்தம் என ஒவ்வொரு படியையும் அது நாட்டுக்குள் கட்டியது. 2024இல் உலகில் எடுக்கப்பட்ட 3,90,000 டன் அரிய மண் ஆக்சைடில் 2,70,000 டன் சீனாவுடையது. பதப்படுத்துதலில் அதன் பங்கு இன்னும் கூடுதல். உலகின் பெரிய இருப்புகளில் ஒன்றைக் கொண்ட இந்தியா எடுத்தது ஏறத்தாழ 2,900 டன். 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய வாகன ஆலைகள் காந்தத்துக்குத் தவித்தன. அதே ஆண்டு நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. மணலை நாட்டுக்குள் வைத்துக்கொண்டது முதல் படிதான். மேற்படிகளை ஏறாமல் விட்டதற்கான விலை இப்போது கொடுக்கப்படுகிறது.

அந்த அவசரத்தின் சுமை மறுபடியும் இதே கரையில் இறங்குகிறது. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் பொதுத்துறைத் திட்டத்தை எதிர்த்து 2024 முதல் மீனவர்களும் விவசாயிகளும் போராடி வருகிறார்கள். கடலரிப்பும் கதிரியக்கமும் வாழ்விட இழப்பும் அவர்களின் அச்சங்கள். கனிமம் பிரித்த மணல் எடுத்த இடத்திலேயே நிரப்பப்படும் என்றும், கதிரியக்கம் கொண்ட மோனசைட் நீங்குவதால் மண்ணின் கதிர்வீச்சு குறையும் என்றும் ஆதரிப்போர் சொல்கிறார்கள். ஆலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இதே கரையில் உண்டு. இந்த வாதங்களை ஊரார் முன்னிலையில் எடுத்துவைத்து விடை காண்பதற்கென்றே பொது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அணுக் கனிம, முக்கியக் கனிமத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறக் கோரினார்.

ஆப்பிரிக்காவில் சீனா நடந்துகொள்வதை விமர்சிக்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அந்த உரிமை தன் கரையைத் தான் எப்படி நடத்துகிறது என்பதிலிருந்துதான் வலிமை பெறும். கனிமம் நாட்டுக்குத் தேவை. அதை நாட்டுக்குள் பதப்படுத்துவதும் தேவை. நகோனாவில் கேட்கத் தவறிய கேள்வியைக் கீழ்மிடாலத்தில் கேட்டாக வேண்டும். கருத்துக்கேட்புக்கு அளிக்கப்பட்ட விலக்கு நீங்க வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு முழுதாகத் தமிழில் ஊர்தோறும் வைக்கப்பட வேண்டும். லாபத்தில் ஒரு பங்கு கரைக்கு உரிமையாக வந்து சேர வேண்டும். மணலைக் கரைக்குக் கொண்டுவந்தது கடல். அந்தக் கரையைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் அங்கே வாழும் மக்கள். அவர்களிடம் கேட்காமல் அள்ளும் எந்தக் கையும், அது எந்த நாட்டுக் கையாக இருந்தாலும், நியாயமான கை ஆகாது.